நெல்லைக் கட்டுமான நிறுவனம் ஒன்றின் கைம்மாறு

திருநெல்வேலி வட்டாரத்தில் மூன்று தலைமுறையாகக் கட்டுமானத் தொழில் நடத்திவரும் ஒரு நிறுவனம், தான் பிழைத்த ஊருக்குச் செய்துவரும் கைம்மாற்றைப் பற்றியது இந்த ஆய்வு. நிறுவனத்தின் பெயரை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். வேலை நடந்த ஊர்களின் பெயரைச் சொன்னாலே உள்ளூரில் ஆள் இன்னாரென்று தெரிந்துவிடும் என்பதால் அவற்றையும் தவிர்த்திருக்கிறேன். நான் அரசுப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இவர்கள் கட்டிய வேலைகள் பலவற்றை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதியவன். எனவே இவர்களைப் புகழ வேண்டிய கடமையோ பழிக்க வேண்டிய பகையோ எனக்கு இல்லை. ஒருமுறை இவர்கள் போட்ட தளம் ஒன்றை உடைத்து மறுபடி போடச் சொன்னேன்; முகம் சுளிக்காமல் போட்டார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

நிறுவனத்தைத் தொடங்கியவர், தாமிரபரணிக் கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து கரண்டியும் தூக்குக்குண்டுமாகப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த ஒரு கொத்தனார். அவர் மகன் காண்ட்ராக்டர் ஆனார். ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள், இந்த ஆய்விலும் அப்படியே குறிப்பிடுகிறேன். பேரன் பொறியியல் படித்துவிட்டு இப்போது நிர்வாகத்தைப் பார்க்கிறார். முதல் இரண்டு தலைமுறையின் கொடை, நம் பக்கத்தில் வசதி வந்த எவரும் செய்கிற வகையைச் சேர்ந்ததுதான்: அம்மன் கோயில் கொடை விழாவுக்கு நன்கொடை, கும்பாபிஷேகத்துக்குச் சிமென்ட், ஊர் முகப்பில் ஒரு வளைவு, அதில் உபயதாரர் பெயர் பொறித்த கல். இவற்றைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆய்வுக்கு உரியவை இவையல்ல.

கட்டிக் கொடுப்பதும் கட்டிய பிறகு பார்த்துக்கொள்வதும் வேறுவேறு என்பதற்கு இந்த ஊரிலேயே கண்ணெதிரே ஒரு சாட்சி நிற்கிறது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலம், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த சுலோச்சன முதலியாரின் சொந்தப் பணத்தில் கட்டப்பட்டு, 1843-இல் திறக்கப்பட்டது. பதினொரு வளைவுகள் கொண்ட அந்தப் பாலத்துக்கு அக்காலத்தில் ஏறத்தாழ 50,000 ரூபாய் ஆயிற்று. அதன் ஒரு பகுதி 1869-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சேதமடைந்தது. அதைச் சீர்செய்து, பிற்காலத்தில் அகலப்படுத்தியும் காத்ததால்தான் இன்றும் அதன்மேல் பேருந்து ஓடுகிறது. கொடுத்தவர் பெயரை எல்லாரும் அறிவார்கள். 1869-க்குப் பிறகு சுண்ணாம்பும் கல்லும் சுமந்து அதை நிமிர்த்தியவர்களின் பெயரை அறிந்தவர் இல்லை. நிறுவனத்தின் கைம்மாறு இந்த இரண்டாவது வகையை நோக்கி மெல்ல நகர்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். நாம் பேசும் நிறுவனம் குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப். கம்பெனியே அல்ல என்பதால் அந்தப் பிரிவு அதைத் தொடாது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள பழைய ஒப்பந்தக்காரர்களில் பெரும்பாலோர் நிலையும் இதுவே. ஆகவே இவர்கள் செய்வது கட்டாயத்தால் வந்தது அன்று. அதே காரணத்தால் அதைக் கேட்பாரும் இல்லை, தணிக்கை செய்வாரும் இல்லை. பேரன் பொறுப்புக்கு வந்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பணியையும் தேதியிட்டு எழுதத் தொடங்கினார். அந்த நோட்டுகளும், வேலை நடந்த இடங்களை நான் நேரில் பார்த்ததுமே இந்த ஆய்வுக்கு ஆதாரம்.

குளத்தில் நடந்த தவறு

முதலில் எடுத்துக்கொண்டது ஒரு குளம். தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் வயல்களுக்கு நேராகவும், சங்கிலித் தொடராக அமைந்த குளங்கள் வழியாகவும் தண்ணீர் கொடுக்கின்றன. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு நீர் போகும். நிறுவனம் தேர்ந்தெடுத்தது அப்படியொரு தொடரின் கடைசியில் இருந்த குளத்தை. நாற்பது ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வருவதால், அனுமதி அங்கே பெறப்பட்டது.

காலத் தேர்வு சரியானது. மார்ச் மாதத்தோடு அரசின் நிதியாண்டு முடிந்து, புதிய வேலைகளுக்கு டெண்டர் வந்து உத்தரவு கைக்கு வரும்வரை ஏப்ரல், மே மாதங்களில் ஒப்பந்தக்காரரின் இயந்திரங்கள் பெரும்பாலும் சும்மா நிற்கும். அந்த மாதங்களில்தான் பிசானம் என்னும் பின்பருவ நெல்லின் அறுவடை முடிந்து, கார் என்னும் முன்பருவச் சாகுபடிக்கு ஜூன் மாதத்தில் பாபநாசம் அணை திறக்கும்வரை கால்வாய்களும் குளங்களும் வறண்டு கிடக்கும். கையில் இருக்கும் இயந்திரத்துக்கும் ஊரின் தேவைக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவரும் காலம் வேறில்லை. இரண்டு ஹிட்டாச்சிகளும் டிப்பர்களும் இறங்கின. கரையில் பந்தல் போட்டுத் தொடக்க விழா நடந்தது. உடைமரங்கள் வேரோடு பறிக்கப்பட்டன, கரை உயர்த்தப்பட்டது, குளத்தின் உள்வாயில் ஆழமாக மண் எடுக்கப்பட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு ஹெக்டேர் பரப்பில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தூர் வாரினால் 3,000 கன மீட்டர் மண் வரும். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 1,060 யூனிட்; மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் 350 நடைக்கு மேல். ஆனால் அப்படி எடுத்த பள்ளத்தில் ஒருமுறை நிறையும் கூடுதல் தண்ணீரும் அதே 3,000 கன மீட்டர்தான். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 12,000 கன மீட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக, 350 நடை மண்ணை அள்ளிப் பெற்ற கூடுதல் நீர் கால் ஹெக்டேருக்கு, அதாவது அறுபது சென்ட் வயலுக்குத்தான் போதும். டீசல் செலவையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்காததற்குக் காரணம் உண்டு. குளத்தில் இயந்திரம் ஓடுவது கண்ணுக்கு நிறைவாகத் தெரியும், செய்தித்தாளில் படமாக வரும்.

அதைவிடப் பெரிய பிழை ஆழத்தில் இருந்தது. குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டினால் அங்கே நிற்கும் நீர் மடை வழியாக வெளியேறாது. மாடு குடிக்கலாம், சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்றுக் கூடலாம், ஆனால் வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. இங்கே சில இடங்களில் மடை மட்டத்துக்கு ஒரு முழம் கீழே வெட்டியதோடு, அடியில் படிந்து தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்த கரம்பை மண்ணையும் உடைத்துச் சரள் தட்டும் வரை போய்விட்டார்கள். அந்த ஆண்டு குளம் நிறைந்தது. வழக்கத்தைவிட விரைவாக வற்றியும் போனது. கரம்பை விவசாயிகளின் வயலுக்குப் போயிற்று, அது நல்லது. சரளை என்ன செய்தார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. தூர் வாருகிறோம் என்ற பெயரில் சரள் மண்ணை அள்ளிக் கட்டட வேலைக்கு விற்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பதால், அந்தச் சந்தேகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. நிறுவனம் எடுத்த சரள் முழுவதும் கரையில்தான் கொட்டப்பட்டது என்று நான் விசாரித்த அளவில் தெரிகிறது. ஆனாலும் அடுத்த ஆண்டு முதல், குளத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வண்டியையும் ஊர்க்காரர் ஒருவரே எழுதிக்கொள்ள வேண்டும், நிறுவனத்தின் எந்த வேலைத்தளத்துக்கும் ஒரு கூடை மண்ணும் போகக்கூடாது என்று விதி வைத்தார்கள். நிறுவனம் எடுத்த முடிவுகளில் மிக நல்ல முடிவு என்று இதையே நான் மதிப்பிடுவேன்.

இரண்டாவது ஆண்டு அண்ணாச்சி மறுபடி குளத்தைப் பார்க்க வந்தபோது, அந்தக் குளத்துக்குப் பரம்பரையாக நீர்பாய்ச்சும் பெரியவர் கரையில் உட்கார்ந்திருந்தார். நானும் உடன் போயிருந்தேன். அவர் எழுந்திருக்காமலே சொன்னார்: “குளத்தத் தோண்டிட்டிய அண்ணாச்சி, சரி. தண்ணி வார வழிய யாரு பாக்கது?” பிறகு எங்களைக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வழியே நடத்திச் சென்றார். அமலைச் செடியும் (ஆகாயத் தாமரை) பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தன. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்து ஒரு சாலையை அடைந்ததும், சாலைக்கு அடியில் இருந்த குழாய்ப் பாலத்தைச் சுட்டிக்காட்டினார். குழாயின் அடிமட்டம் கால்வாயின் தரையைவிட ஓர் அடி உயரத்தில் இருந்தது. மேல்குளத்திலிருந்து மறுகால் பாய்ந்து வரும் நீர் அந்த ஓர் அடிக்கு எழும்பிய பிறகே குழாய்க்குள் நுழையும். மழை குறைந்த ஆண்டில் அவ்வளவு நீர் வராது. வந்த நீர் பின்வாங்கிப் பக்கத்துத் தரிசில் பரவிப் போகும்.

அந்தக் குழாய்ப் பாலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் கட்டியது இதே நிறுவனம். அதை அளந்து, சரி என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். வரைபடத்தில் சாலை மட்டம் இருந்தது. கால்வாய்த் தரை மட்டம் இல்லை. கேட்டிருக்க வேண்டும். நாங்கள் இருவருமே கேட்கவில்லை. நீர்பாய்ச்சி அதைத் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. “சார்வாள் காலத்துப் பாலந்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் புகையிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அனுமதி பெற நான்கு மாதங்கள் ஆயின. சாலையை வெட்ட ஒரு துறை, கால்வாயைத் தொட ஒரு துறை என்று கோப்பு சுற்றிவந்தது. இறுதியில் நிறுவனம் தன் செலவில் குழாயை எடுத்துவிட்டு, கால்வாய்த் தரையோடு தரையாகப் பெட்டி வடிவச் சிறுபாலம் ஒன்றைக் கட்டியது. மடையில் உளுத்துப்போன பலகையை மாற்றி இரும்புக் கதவும் திருகுத் தண்டும் பொருத்தினார்கள். செலவு முதல் ஆண்டுத் தூர்வாரலைவிடக் குறைவு. விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அந்தப் பிசானத்தில்தான் நீண்ட காலத்துக்குப் பிறகு கடைமடை வயல்களில் நடவு நடந்தது.

நிறுவனத்தின் போக்கை மாற்றியது இந்தச் சிறுபாலம்தான். தாங்கள் இதுவரை கட்டிய வேலைகளின் பட்டியலைப் பேரன் எடுத்து, பாலம், மடை, கலிங்கு (குளத்தின் உபரிநீர் வழியும் கட்டு), பள்ளிக் கட்டடம், மேல்நிலைத் தொட்டி என்று பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் ஒரு பகுதியை நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ஒப்பந்தப்படி குறைபாட்டுக்குப் பொறுப்பேற்கும் காலம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தாலும், பிழை தங்களுடையது என்றால் தாங்களே சரிசெய்வது. பராமரிப்பின்மையால் வந்ததென்றால் உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. நான் பணியில் இருந்தவரை எந்த ஒப்பந்தக்காரரும் பில் வாங்கிய வேலையைத் திரும்பப் போய்ப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பள்ளிச் சுவர்கள்

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்யவும், பழுதடைந்தவற்றை இடிக்கவும் அரசு உத்தரவிட்டது. குறுகிய காலத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகளைப் பார்க்கும் அளவுக்கு எந்த மாவட்டத்திலும் பொறியாளர்கள் இல்லை. நிறுவனம் தான் கட்டிய பள்ளிகளிலிருந்து தொடங்கி, அழைத்த பிற பள்ளிகளுக்கும் தன் பொறியாளரையும் மூத்த கொத்தனார் ஒருவரையும் கட்டணமின்றி அனுப்பியது.

இந்த வேலையில் செலவு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. தேவைப்பட்டது பழகிய கண் மட்டுமே. கட்டடத்தைவிடச் சுற்றுச்சுவரும் கழிப்பறைத் தடுப்பும்தான் ஆபத்து என்பது அவர்கள் கண்டது. வகுப்பறைக்கு யாரோ ஒரு பொறியாளர் வரைபடம் போட்டிருப்பார். தடுப்புச் சுவர் என்பது மீந்த செங்கலை வைத்து, அஸ்திவாரம் தோண்டாமல், நாலரை இஞ்சு கனத்தில், இடையில் திண்டு எதுவும் இல்லாமல் எழுப்பப்பட்டிருக்கும். சுவருக்கு ஒரு பக்கம் மண் ஏறி மறுபக்கம் இறங்கிக் கிடந்தால், மதிலாகக் கட்டியது அணையாக நிற்கிறது என்று பொருள். மழை ஊறியதும் அது சாயும். ஆலங்கன்றோ அரசங்கன்றோ வேர் விட்டிருந்தால், மேலே வெட்டி எறிந்து பயனில்லை, வேர் உள்ளே பருத்துக்கொண்டே இருக்கும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சாய்வை அளப்பது, சுத்தியலால் தட்டி உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று கேட்பது, கூரைத் தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றை மூத்த கொத்தனார் செய்வார். பொறியாளர் அதை ஒரே பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுப்பார்.

சிக்கல் எழுத்தில்தான் வந்தது. “வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போங்கள், எழுத்தில் வேண்டாம்” என்று சில பள்ளிகளில் கேட்டார்கள். எழுதிவிட்டால் கட்டடத்தைப் பூட்ட வேண்டும். பூட்டினால் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைக்க வேண்டும். புதிய கட்டடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுடைய சங்கடம் பொய்யன்று. ஆனாலும் எழுதாமல் வருவதில்லை என்று நிறுவனம் உறுதியாக இருந்தது, அதன் விளைவாக அழைப்புகளும் குறைந்தன. இடிக்க வேண்டியிருந்த தடுப்புகளைத் தன் செலவில் இடித்து அப்புறப்படுத்தியது. ஒரு பள்ளியில் புதிய கழிப்பறைக்கு, பொதுமக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைச் செலுத்தினால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டத்தின்கீழ் அந்தப் பங்கையும் கட்டியது. அழைப்புக் குறைந்ததைத் தோல்வி என்று பேரன் சொல்கிறார். நான் அப்படிக் கருதவில்லை. வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் அழைப்புகள் பெருகியிருக்கும், சுவர்களும் நின்றிருக்கும், விழும்வரை.

2023 டிசம்பர்

வெள்ளத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அந்த இரண்டு நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துச் சொல்வது எவராலும் ஆகாத காரியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். நிறுவனத்தின் டிப்பர்கள் உயரமானவை என்பதால் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்களை ஏற்றிவர உதவின. அஸ்திவாரக் குழியில் ஊறும் நீரை இறைக்க வைத்திருந்த டீசல் பம்புகள் தெருக்களில் ஓடின. மணல் மூட்டை கட்டுவதும், உடைப்பின் வாயில் சாரக்கம்புகளை நட்டு அணைப்பதும் கட்டட வேலைக்காரர்களுக்குப் பழகிய காரியம்.

ஆய்வுக்கு முக்கியமானது பிறகு தெரிந்ததுதான். நிறுவனம் வேலை செய்த குளத்தில் சிறுபாலமும் மடைக் கதவும் அசையாமல் நின்றன. முதல் ஆண்டு விழா எடுத்து உயர்த்திய கரைதான் இரண்டு இடங்களில் சரிந்தது. அடியை அகலப்படுத்தாமல் மேலே மட்டும் மண்ணைக் கொட்டி உயரம் ஏற்றியிருந்தார்கள். அடுக்கடுக்காக நீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்கவும் இல்லை. சாலை போடும்போது ஓர் அடுக்கில் இறுக்கம் குறைந்தாலும் பில் கிடைக்காது என்று தெரிந்த நிறுவனம், இலவச வேலையில் அதை விட்டுவிட்டது. தர்மத்துக்குச் செய்வதுதானே என்ற எண்ணம் தரத்தைத் தின்றுவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை. 2024 கோடையில் கரையை வெட்டி, படிவைத்து, இறுக்கித் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை அளவுப் புத்தகம் போலவே ஒரு நோட்டில் அடுக்கு வாரியாக எழுதவும் செய்தார்கள்.

வேலைக்கு வருகிறவர்கள்

சமூகத்துக்குச் செய்வதைப் பேசும்போது, சாரத்தில் நிற்பவரைச் சமூகத்தில் சேர்ப்பதில்லை. கம்பெனிகள் சட்டமே தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் ஏற்பதில்லை. ஆனால் கட்டுமானத்தில் ஊழியர் என்ற சொல்லே வழுக்கும். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள் என்று மேஸ்திரி கூட்டிவருகிறவர்கள் இன்று இவர்களிடம், நாளை வேறொருவரிடம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்கள் இப்போது எல்லா வேலைத்தளங்களிலும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்களின்படியும், 2025 நவம்பரில் அவற்றுக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படியும் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவரியாக வசூலாகிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, ஓய்வூதியம் என்று அதிலிருந்து உதவிகள் உண்டு. வரியைக் கட்டுவது நிறுவனமும் கட்டட உரிமையாளரும். உதவி பெற வேண்டுமானால் தொழிலாளி பதிவு செய்திருக்க வேண்டும், உரிய காலத்தில் புதுப்பித்திருக்க வேண்டும். விண்ணப்பம் இணையவழி ஆன பிறகு, அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து கணினி மையத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுவனம் செய்தது எளிது: மாதம் ஒரு சனிக்கிழமை, கூலி பட்டுவாடா நடக்கும் நேரத்தில், அலுவலகக் கணக்கர் மடிக்கணினியோடு வேலைத்தளத்தில் உட்கார்ந்து பதிவையும் புதுப்பித்தலையும் முடித்துக் கொடுக்கிறார், வேறு நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர் வந்தாலும் திருப்பி அனுப்புவதில்லை. இந்த நிறுவனம் செய்ததில் செலவு மிகக் குறைவானதும் பயன் மிக அதிகமானதும் இதுவாகவே இருக்கும். நோட்டில் இது ஒரு வரிகூட இடம் பெறவில்லை. கேட்டபோது, “இதெல்லாம் ஆபீஸ் வேலைதானே சார்” என்றார் பேரன்.

நிறைவேறாததும் உண்டு. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். இவர்களுடைய தளங்களில் அந்த எண்ணிக்கை வந்ததில்லை, ஆயினும் ஒரு பெரிய வேலையில் தகரக் கொட்டகை போட்டுக் காப்பகம் நடத்தினார்கள். வேலை முடிந்ததும் கொட்டகையைப் பிரித்தார்கள். அடுத்த தளத்தில் மறுபடி போடவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்தாளாக வந்த பெண்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கலவை சுமந்த பின்னும் சித்தாளாகவே இருக்கிறார்கள். கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் பலர்; மேஸ்திரி இல்லாத நேரத்தில் பூச்சு வேலையை முடித்துக் கொடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கொத்தனார் கூலியை அவர்களுக்கு யாரும் கொடுத்ததில்லை, இந்த நிறுவனமும் கொடுத்ததில்லை. ஒரு கொத்தனாரின் கையிலிருந்து எழுந்த நிறுவனம் இதை எளிதாக மாற்றியிருக்க முடியும்.

ஆற்றின் கணக்கு

கடைசியாக, நோட்டில் எழுதப்படவே முடியாத ஒன்று. இந்த நிறுவனத்தின் முதல் இரண்டு தலைமுறைக் கட்டடங்கள் அனைத்தும் தாமிரபரணி மணலில் நிற்பவை. அந்தக் காலத்தில் அது முறைப்படி அனுமதி பெற்று அள்ளிய மணல்தான். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதிக்கும் அளவுக்கு ஆறு இறங்கிப்போனபோதுதான், எல்லாரும் சேர்ந்து எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்பது கண்ணில் பட்டது. ஆற்றுத் தரை இறங்கினால் உறைகிணறுகளில் ஊற்றுக் குறையும். அணைக்கட்டுகளின் அடியிலும் பாலத் தூண்களின் அடியிலும் அரிப்பு ஏறும். இப்போது பாறையை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டுக்கு மாறியிருக்கிறோம், ஆனால் அது மலையையும் கல்லுக்குழியையும் தின்று வருவது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது.

அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன். “கொடுத்ததுக்குத்தான் நோட்டு வச்சிருக்கோம் சார். எடுத்ததுக்கு நோட்டு கிடையாது” என்றார். மறுக்கவும் இல்லை, வருந்துவதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னேன்: இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டையும் செங்கல்லையும் குளத்தோரத்தில் கொட்டாமல், உடைத்துச் சலித்துச் சாலை அடித்தளத்துக்கும் நிரவலுக்கும் திரும்பப் பயன்படுத்துவது. அந்த அளவுக்காவது புதிய கல்லும் சரளும் தேவைப்படாது. அதற்கான நொறுக்கும் இயந்திரம் விலை அதிகம், தனி ஒரு நிறுவனத்துக்குக் கட்டாது, நான்கைந்து ஒப்பந்தக்காரர்கள் சேர்ந்தால் ஆகும் என்று பேரன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். மற்றவர்களோடு ஒருமுறை பேச்சு நடந்திருக்கிறது. இயந்திரத்தை யாருடைய இடத்தில் நிறுத்துவது என்பதில் அது நின்றுபோயிற்று.

இந்த ஏப்ரலில் பார்ப்பதற்காக நோட்டில் குறித்திருப்பவை ஐந்து: இரண்டு சிறுபாலங்கள், ஒரு கலிங்கு, ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு பள்ளியின் மேற்குச் சுவர். குளத்தின் மடைத் திருகுக்கு மசகு போடுவது பட்டியலில் இல்லை. அதை நீர்பாய்ச்சிப் பெரியவரின் மகன் ஏற்றுக்கொண்டார், சாவியும் அவரிடமே இருக்கிறது. முதலில் குறித்திருக்கும் சிறுபாலம் நான் கையெழுத்திட்ட இன்னொரு வேலை என்பதால் அன்றைக்கு நானும் உடன் போகிறேன்.